நான்கு மூலைச் சந்தனம்

அந்த யோசனை எனக்கு முதன்முதலில் வந்தபோது என் கையில் ஒரு பஞ்சு உருண்டை இருந்தது.

மேற்குத் தாம்பரம் மார்க்கெட்டுக்கு எதிரே, ஜவுளிக்கடை மாடியில் எங்கள் டிராவல்ஸ் ஆபீஸ். கரண்ட் போய், ஃபேன் நின்று, ஜன்னல்களையெல்லாம் திறந்துபோட்டிருந்த ஒரு காலை நேரம். கோவிலம்பாக்கத்திலிருந்து வந்த ஓர் அம்மா மூச்சு வாங்க மாடியேறி வந்து, மகனுடைய பாஸ்போர்ட்டை என் மேஜைமேல் வைத்தார்.

"டிக்கெட்டு போடணும் தம்பி. புள்ள துபாய்க்குப் போவுது, டிரைவர் வேலைக்கு."

பிரித்தேன். போட்டோ ஒட்டிய பக்கத்தின் நான்கு மூலையிலும் சந்தனம். சந்தனத்தின்மேல் குங்குமம். இன்னும் காயவில்லை.

"இன்னா தம்பி, அப்டியே ஷாக் அடிச்ச மாதிரி நின்னுட்ட? எம்புள்ள போட்டோல நல்லாத்தானே கீறான்?"

"அம்மா, இத எப்ப வெச்சீங்க?"

"இப்பதான், வர்ற வழியில. கோயிலாண்ட குடுத்து வாங்கியாந்தேன். ஏன், எதுனா பேஜாரா?"

முதலுதவிப் பெட்டியிலிருந்து பஞ்சை எடுத்து மூலைகளை ஒற்ற ஆரம்பித்தேன். துடைக்கக் கூடாது, ஒற்ற வேண்டும். போட்டோவின்மேல் ஒட்டியிருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தாளின் ஓரத்தில் ஈரம் புகுந்தால் போச்சு. ஒற்றி, ஒற்றி, ஒரு பழைய டைம்டேபிளால் விசிறினேன். அந்த அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கொயந்தைக்குப் பால் வாய் தொடைக்கிற மாதிரி தொடைக்கிறியே, நைனா. கண்ணாலம் ஆயிடுச்சா உனுக்கு?"

கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்து மேனேஜர் எட்டிப் பார்த்தார். "என்னப்பா, அங்க ஆபரேஷன் நடக்குதா?"

நடந்தது. ஆள் பிழைத்துவிட்டான். ஈரம் உள்ளே போயிருக்கவில்லை. அந்தப் பையனின் முகம் பிளாஸ்டிக்குக்குள் பத்திரமாக இருந்தது.

அப்போதுதான் தோன்றியது. பாஸ்போர்ட்டை எல்லோரும் எங்கே பார்க்கிறார்கள்? ஏர்போர்ட் கவுன்டரில். அதுதான் கடைசி இடம். அங்கே ஒரு கோளாறு தெரிந்தால் சரி செய்ய நேரம் கிடையாது, நிறுத்தத்தான் முடியும். இதையே நான்கு நாள் முன்னால், ஆள் கிளம்புகிற தெருவிலேயே ஒருவன் உட்கார்ந்து பார்த்தால்? போலியும் சிக்கும், உண்மையானதும் பிழைக்கும். எவ்வளவு எளிய விஷயம்! ஏன் யாரும் செய்யவில்லை? நானே செய்தால் என்ன?

அந்த அம்மா படியிறங்கிப் போனதும் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன். மேனேஜர் வந்து தோளைத் தொட்டார். அவருக்குத் தெரியும். "போய் ஒரு டீ சாப்பிட்டு வா" என்று மட்டும் சொன்னார்.

என் அக்காவுக்கு இதைப் பார்க்க யாரும் இருக்கவில்லை. நான் இருந்தும் இருக்கவில்லை.

முறையாகவே சொல்கிறேன்.

டிகிரி முடித்த கையோடு அந்த ஆபீஸில் சேர்ந்தேன். டிக்கெட் எழுதுவதுதான் வேலை. ஆனால் எனக்கு ஒரே வேலையில் மனம் நிற்காது. அந்தக் காலத்தில் போட்டோ மாற்றிய பாஸ்போர்ட்டுகள் நிறைய நடமாடின. ஒருவருடைய பாஸ்போர்ட்டில் அவர் போட்டோவை எடுத்துவிட்டு இன்னொருவர் போட்டோவை ஒட்டி, அந்தப் பெயரிலேயே விமானம் ஏறிவிடுவார்கள். அப்படி ஏறியவர் போன இடத்தில் சிக்கினால், ஏற்றிச் சென்ற விமானக் கம்பெனிக்குத் தலைவலி, டிக்கெட் போட்ட எங்களுக்கும் தலைவலி. அதனால் டிக்கெட் போடுவதற்கு முன் பாஸ்போர்ட்டை நாங்களே ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று மேனேஜர் சொன்னார். சொன்னதுதான் தாமதம், நான் அதைப் பிடித்துக்கொண்டேன்.

ஸ்டாம்பு சேகரிப்பவர்கள் வைத்திருக்கும் லென்ஸ் ஒன்று வாங்கினேன். பக்கத்தைச் சாய்த்து, ஜன்னல் வெளிச்சம் குறுக்கே விழும்படி பிடித்தால், பிரித்து ஒட்டிய பிளாஸ்டிக் எங்கேயாவது ஒரு சுருக்கத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். கட்டைவிரலை போட்டோவின் விளிம்பில் மெதுவாக ஓட்டினால் மேடு தட்டுப்படும். போட்டோவின்மேல் பாதியும் தாளின்மேல் பாதியுமாக விழுந்திருக்கும் முத்திரையின் கோடுகள் ஒன்றோடொன்று சேர வேண்டும். பேனாவால் எழுதிய எழுத்தின் மை எங்காவது பரவியிருந்தால் அங்கே ஈரம் பட்டிருக்கிறது என்று அர்த்தம். ஈரம் ஏன் பட்டது?

ஆளையும் பார்க்க வேண்டும். இதில் நானே கண்டுபிடித்த ஒரு விஷயம் உண்டு. பிறந்த தேதியைக் கேட்டால் போலி ஆள் தடுமாறுவான் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். நம் ஊரில் அது தலைகீழ். நம்மில் பாதிப் பேருக்கு ஸ்கூலில் சேர்க்கும்போது ஹெட்மாஸ்டர் போட்ட தேதிதான் பிறந்த தேதி. வீட்டில் கொண்டாடுகிற நாள் வேறு. அதனால் உண்மையான ஆள்தான் ஒரு விநாடி விழிப்பான், 'எந்தத் தேதி சார், ஸ்கூல் தேதியா?' என்பான். போலி ஆள் மனப்பாடம் செய்து வந்து கடகடவென்று ஒப்பிப்பான். இதை நான் சொன்னபோது மேனேஜர் விழுந்து விழுந்து சிரித்தார். "டேய், நீ போலீஸுக்குப் போயிருக்கணும்டா."

ஒருமுறை நிஜமாகவே ஒன்றைப் பிடித்தேன். வீட்டுக்கு ஓடிவந்து அக்காவிடம் சொன்னேன். அவள் பருப்பு கடைந்துகொண்டே கேட்டாள். "அந்த ஆளு என்னடா ஆனான்?"

"எழுந்து போயிட்டான். நாங்க டிக்கெட் போடலை."

"பாவம், எதுக்குப் போகணும்னு இருந்தானோ."

அக்கா அப்படித்தான்.

அவளுக்குக் கல்யாணமாகி மாமா சிங்கப்பூர் போனபின், அவள் எங்களோடு தாம்பரத்தில்தான் இருந்தாள். மாமா அங்கே கட்டட வேலையில் வெல்டர். அப்பா ரயில்வேயில் கார்டு, பாதி நாள் ரயிலில்தான் குடித்தனம். ஆகவே வீட்டில் அம்மா, அக்கா, நான். ஞாயிற்றுக்கிழமைகளில் தெருமுனை எஸ்.டி.டி. பூத்துக்கு மாமாவின் போன் வரும். அக்கா தலை வாரி, பூ வைத்து, ஆளை நேரில் பார்க்கப் போவதுபோல் போவாள். அவள் பேசி முடித்ததும் எனக்குக் கொஞ்சம் மிச்சம் இருக்கும்.

"மச்சான், எப்படி இருக்கே? உங்க தாம்பரத்துல கொசுவாவது இருக்கு. இங்க அதுகூட இல்லப்பா, பேச்சுத் துணைக்கு."

"அக்காவை அனுப்பட்டுமா மாமா?"

"கொசுவுக்குப் பதிலாவா? அவகிட்ட சொல்லிடாதே. சீரியஸா சொல்றேன், பாஸ்போர்ட் எடுத்து வை. ஒரு மாசமாவது கூட்டிட்டு வந்து ஊரைச் சுத்திக் காட்டணும்."

எடுத்தேன். நானே வரிசையில் நின்று, நானே அலைந்து எடுத்தேன். அக்காவின் போட்டோவில் அவள் சிரிக்கக் கூடாது என்றதும் சிரிப்பை அடக்கி, கண்ணில் மட்டும் வைத்திருந்தாள். அடையாளக் குறி என்ற இடத்தில் 'இடது முழங்கையில் தழும்பு' என்று எழுதியிருந்தது. சின்ன வயதில் சைக்கிள் ஓட்டிப் பழகியபோது விழுந்தது. பின்னால் பிடித்துக்கொண்டு ஓடியவன் நான்தான்.

அந்தப் பாஸ்போர்ட் பீரோவில் காத்திருந்தது. ஊரைச் சுற்றிப் பார்க்கப் போகவில்லை. ஒரு புதன்கிழமை போன் வந்தது. புதன்கிழமை போன் வந்ததுமே அக்காவுக்குப் புரிந்துவிட்டது. பேசியது மாமா இல்லை, அவருடைய சூப்பர்வைசர். சாரத்திலிருந்து விழுந்துவிட்டாராம். ஆஸ்பத்திரியில் இருக்கிறாராம். நினைவு வருகிறதாம், போகிறதாம். வரும்போதெல்லாம் அக்காவைக் கேட்கிறாராம்.

"கம்பெனியே எல்லா ஏற்பாடும் பண்ணும். அவங்களை வரச் சொல்லுங்க. சீக்கிரம் வரச் சொல்லுங்க தம்பி" என்றார். அந்த இரண்டாவது 'வரச் சொல்லுங்க'வில் எல்லாம் இருந்தது.

எங்கள் ஆபீஸிலேயே டிக்கெட் போட்டோம். பாஸ்போர்ட்டை நானே லென்ஸ் வைத்துப் பார்த்தேன். சாய்த்துப் பார்த்தேன், விரலை ஓட்டினேன். "ஜம்முனு இருக்கு அக்கா. ஒருத்தன் ஒரு குத்தம் சொல்ல முடியாது" என்று கொடுத்தேன். அது உண்மை. நான் கொடுத்த நேரம்வரை உண்மை.

அம்மா எதற்கும் சந்தனம் வைப்பாள். என் ஹால் டிக்கெட்டுக்கு வைத்திருக்கிறாள், அப்பாவின் பிரமோஷன் ஆர்டருக்கு வைத்திருக்கிறாள், புது குக்கருக்கு, புது ஸ்விட்ச் போர்டுக்கு. மகள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கடல் தாண்டிப் போகும்போது வைக்காமல் இருப்பாளா? கிளம்புவதற்கு முந்தின நாள் சந்தனக் கட்டையைப் பன்னீர் விட்டு இழைத்தாள். மேலட்டையில் வைக்கவில்லை. 'அட்டை வெறும் போர்வை, என் பொண்ணு உள்ளேதானே இருக்கா' என்று அக்காவிடம் சொல்லிக்கொண்டே போட்டோ இருக்கும் பக்கத்தைப் பிரித்து நான்கு மூலையிலும் வைத்தாள். போட்டோவின் நெற்றியில் மட்டும் வைக்கவில்லை. அது இறந்தவர்களுக்குச் செய்வது. அவ்வளவு ஜாக்கிரதை. பிறகு புத்தகத்தை மூடி அம்மன் கோயிலுக்குக் கொண்டுபோய்க் காலடியில் வைத்து எடுத்துவந்து, அக்காவின் கைப்பைக்குள் வைத்துவிட்டாள். நான் அப்போது சூட்கேஸுக்குப் பூட்டு வாங்கப் போயிருந்தேன்.

மறுநாள் காலை அக்கா பையைத் திறந்து பார்த்தபோது பக்கங்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. "ஐயையோ அம்மா, இப்படிக் கறையா இருந்தா ஆபீசர் ஏதாவது சொல்லப் போறாரு" என்றிருக்கிறாள். "குடு இப்படி" என்று அம்மா வாங்கி, முந்தானை நுனியைத் தண்ணீரில் நனைத்து, அழுத்தித் துடைத்து, காய்ந்து பொருக்குத் தட்டியிருந்ததை நகத்தால் சுரண்டி, பளிச்சென்று ஆக்கிக் கொடுத்திருக்கிறாள். இவ்வளவும் சமையலறையில் நடந்தது. நான் வாசலில் ஆட்டோக்காரரிடம் பேசிக்கொண்டிருந்தேன்.

ஏர்போர்ட்டில் எங்களை உள்ளே விடவில்லை. கம்பித் தடுப்புக்கு வெளியே நின்றோம். அக்கா திரும்பிப் பார்த்தபடியே போனாள். கண்ணாடிக் கதவு மூடியது.

"பிளேன் ஏறறதைப் பார்க்க முடியாதாடா?" என்றாள் அம்மா.

"ரோட்டைத் தாண்டி திரிசூலம் ஸ்டேஷன் பக்கம் போனா, கிளம்பறது தெரியும்மா."

போனோம். பிளாட்பாரத்தில் நின்றோம். எலெக்ட்ரிக் ரயில்கள் வந்து வந்து போயின, நாங்கள் ஏறவில்லை. கடைசியில் அந்த விமானம் மேலே எழும்பியது. அம்மா கையைத் தூக்கி ஆட்டினாள். பக்கத்தில் நின்றவர்களிடம், "என் பொண்ணு போறா. மருமகப்பிள்ளையைப் பார்க்கப் போறா" என்றாள். யாரோ ஒரு பெண்மணி, "நல்லபடியா போய்ச் சேருவாங்க" என்று சொல்லித் தானும் கையசைத்தார். விமானம் ஒரு புள்ளியாகும்வரை அம்மா கையை இறக்கவில்லை.

அந்த விமானத்தில் அக்கா இல்லை.

சாயங்காலம் வாசலில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. அக்கா சூட்கேஸோடு இறங்கினாள். அம்மா அப்போது எதிர்வீட்டில், பிளேன் எப்படி எழும்பியது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அக்காவைப் பார்த்ததும் பேச்சு பாதியில் நின்றது.

"ஏதோ நம்பர் தப்பா ஏறியிருக்காம்மா. அவங்க ஆபீஸ் தப்பு. சரி பண்ணித் தருவாங்களாம்" என்றாள் அக்கா. தண்ணீர் கேட்டாள். குடித்தாள்.

மறுநாள் காலை மொட்டை மாடியில் துணி உலர்த்தும்போது என்னிடம் சொன்னாள். இமிக்ரேஷன் அதிகாரி பாஸ்போர்ட்டை வாங்கி விளக்கடியில் சாய்த்திருக்கிறார். போட்டோ ஓரத்தில் பிளாஸ்டிக் மூலை தூக்கிக்கொண்டிருந்தது. அதன்மேல் நகம் பட்ட கீறல். பக்கத்து எழுத்தில் மை பரவியிருந்தது. முத்திரையின் ஒரு கோடு மங்கலாகியிருந்தது. பிறந்த தேதியைக் கேட்டிருக்கிறார்.

"நீ என்ன சொன்னே?"

"ஸ்கூல் தேதியா, நிஜத் தேதியான்னு எனக்கு ஒரு நிமிஷம் குழம்பிடுச்சுடா."

தனி அறைக்கு அழைத்துப்போய் லென்ஸில் அவளுக்கே காட்டியிருக்கிறார். கெட்டவர் இல்லை. நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்துத்தான் பேசியிருக்கிறார். அக்கா அந்தப் பக்கத்தின்மேல் குனிந்தபோது சந்தன வாசனை வந்ததாம். அப்போதுதான் புரிந்ததாம் அவளுக்கு. "எங்கம்மா சந்தனம் வெச்சாங்க சார், அதைத் துடைச்சாங்க" என்று சொல்லியிருக்கிறாள். ரவிக்கைக் கையை மடித்து முழங்கைத் தழும்பைக் காட்டியிருக்கிறாள். 'என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் இருக்கார்' என்று அழுதிருக்கிறாள்.

"அவர் என்னடா சொன்னார் தெரியுமா? 'போட்டோல இருக்கறது நீங்கதான்னு எனக்கும் தோணுதும்மா. ஆனா எனக்குத் தோணறதை வெச்சு நான் யாரையும் ஏத்த முடியாது. இங்க வர்ற ஒவ்வொருத்தருக்கும் ஒரு ஆஸ்பத்திரி இருக்கு'ன்னார்."

பாஸ்போர்ட்டைச் சோதனைக்கென்று வாங்கி வைத்துக்கொண்டு அவளைத் திருப்பி அனுப்பியிருக்கிறார். ஆஃப்லோட் என்று எங்கள் தொழிலில் சொல்வோம். ஏற வந்தவரை ஏற்றாமல் இறக்கிவிடுவது. மூட்டைக்கும் அதே வார்த்தைதான், மனிதருக்கும் அதேதான்.

அந்த அதிகாரியின்மேல் எனக்குக் கோபம் வர வேண்டும் என்று நான் எவ்வளவோ முயன்றேன். வரவில்லை. தூக்கிய மூலை, கீறல், பரவிய மை, தேதியில் தடுமாற்றம். இதே நான்கையும் என் மேஜையில் பார்த்திருந்தால் நானும் நிறுத்தியிருப்பேன். நிறுத்திவிட்டு வீட்டுக்கு ஓடிவந்து பெருமையாகச் சொல்லியிருப்பேன். என்னால் தாங்க முடியாதது அதுதான். தடுமாறுகிறவன்தான் உண்மையான ஆள் என்ற என்னுடைய அந்தக் கண்டுபிடிப்பு அங்கே யாருக்கும் தெரியாது. தெரிந்திருந்தாலும் நகக் கீறலுக்கு முன்னால் அது எடுபட்டிருக்காது.

"அம்மாகிட்ட சொல்லாதே" என்றாள் அக்கா. ஈரப் புடவையை உதறிக் கொடியில் போட்டாள். "என்ன ஆனாலும் சொல்லாதே. சத்தியம் பண்ணு."

பண்ணினேன்.

அதற்குப் பிறகு நான் ஓடியதெல்லாம் ஓட்டம்தான். பாஸ்போர்ட் ஆபீஸ், போலீஸ் ஸ்டேஷன், மறுபடி பாஸ்போர்ட் ஆபீஸ். பழைய விண்ணப்பத்தை எடுத்து, போட்டோவை ஒப்பிட்டு, இது உண்மையானதுதான் என்று அவர்கள் சொல்ல வேண்டும். ஒவ்வொரு இடத்திலும் நல்லவர்கள் இருந்தார்கள். "கண்டிப்பா பண்ணித் தர்றோம் தம்பி. முறைன்னு ஒண்ணு இருக்கில்ல?" என்றார்கள். முறை என்று ஒன்று இருந்தது. அது நடந்துகொண்டிருந்தது. அக்கா கைப்பையைப் பிரிக்காமல், சூட்கேஸைத் திறக்காமல், கிளம்புகிற புடவையிலேயே தினமும் காலையில் தயாராக உட்கார்ந்திருந்தாள்.

பூத்துக்கு ஒருமுறை மாமாவின் குரலே வந்தது. யாரோ ரிசீவரை அவர் காதில் பிடித்திருந்தார்கள் போல. அக்கா பேசினாள். "வந்துட்டே இருக்கேன்" என்றாள். "ஏர்போர்ட்ல கூட்டம்" என்றாள். அவ்வளவுதான் அவளுக்குச் சொல்லத் தோன்றியது. அந்தப் பக்கம் மாமா என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை.

அடுத்து வந்த போன் சூப்பர்வைசருடையது.

மாமா பெட்டியில் வந்தார். சரக்குப் பகுதியில் போய் நானும் அப்பாவும் வாங்கினோம். அவரோடு அவர் பாஸ்போர்ட்டும் வந்தது. ஒரு மூலையை வெட்டி, செல்லாது என்று முத்திரை குத்தியிருந்தார்கள். அங்கிருந்தவர் அதைப் பிரித்து, பெயரைப் பார்த்து, மூடிக் கொடுத்தார். யாரும் சாய்த்துப் பார்க்கவில்லை. யாரும் தேதி கேட்கவில்லை. அவ்வளவு சுலபமாக ஒருவர் உள்ளே வந்ததை நான் பார்த்ததில்லை.

காரியம் முடிந்த மறுநாள் அக்காவின் பாஸ்போர்ட் உண்மையானதுதான் என்று சொல்லித் திருப்பித் தந்தார்கள். கையெழுத்துப் போட்டு வாங்கி வந்து பீரோவில் வைத்தேன்.

அம்மா இன்றைக்கும் அந்த அதிகாரியைச் சபிக்கிறாள். "நம்பர் தப்பாம் நம்பர். அவன் கை விளங்காமப் போகட்டும்" என்று அடுப்பு பற்றவைக்கும்போது, விளக்கேற்றும்போது, கோலம் போடும்போது சொல்லுவாள். நானும் அக்காவும் வேறு பக்கம் பார்ப்போம். அம்மனோடும் அவளுக்குச் சண்டை. "பன்னீர் விட்டு இழைச்சு வெச்சேனே, உன் காலடியில வெச்சுத்தானே எடுத்தேன், ஒரு வெள்ளிக்கிழமை விடாம வந்தது போதாதா உனக்கு?" என்று கேட்பாள். அக்காவுக்குச் சந்தன வாசனையே ஆகாமல் போயிற்று. அம்மா கிண்ணத்தோடு வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அம்மா அதை வேறு மாதிரி புரிந்துகொண்டு அழுவாள். "புருஷன் போனா பொட்டு வெச்சுக்கக் கூடாதுன்னு எந்தச் சட்டம்டி சொல்லுது? நான் வெச்சு விடறேன் வா." அக்கா எழுந்து மாடிக்குப் போய்விடுவாள்.

கோவிலம்பாக்கத்து அம்மா வந்துபோன அன்று எனக்கு இருந்த வேகத்தில் ஒரு நோட்டீஸ் எழுதினேன். 'பாஸ்போர்ட்டில் சந்தனம், குங்குமம் வைக்காதீர்கள். ஈரம் பட்டால் போலி என்று நிறுத்தப்படுவீர்கள். பயணத்துக்கு முன் எங்களிடம் இலவசமாகக் காட்டிச் சரிபாருங்கள்.' வண்டலூரிலிருந்து பல்லாவரம் வரை ஒவ்வொரு ஸ்டேஷன் வாசலிலும் ஒட்டிவிடுவது என்று திட்டம். எழுதியதை அக்காவிடம் காட்டினேன். அவள் படித்தாள். கோபப்படவில்லை.

"நல்லா இருக்குடா. அம்மா தினமும் காய்கறிக்கு ஸ்டேஷன் வழியாத்தானே போறாங்க?"

அதை மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டேன். ஊர் முழுக்கக் கத்திச் சொல்ல வேண்டிய ஒரு விஷயம், ஒரே ஒருவர் காதில் விழக் கூடாது. இதற்கு என்ன வழி? நான் வேகமாக யோசிக்கிறவன் என்று எனக்கு ஒரு நினைப்பு உண்டு. பல நாள் ஒன்றும் தோன்றவில்லை.

போன வெள்ளிக்கிழமை ஆபீஸிலிருந்து வீட்டுக்கு வந்தால், அம்மா கூடத்தில் உட்கார்ந்து சந்தனம் இழைத்துக்கொண்டிருக்கிறாள். பக்கத்தில் ஒரு பாஸ்போர்ட். அடுத்த தெருப் பையன் குவைத்துக்குப் போகிறானாம். அவன் அம்மாவிடம் கேட்டு வாங்கி வந்திருக்கிறாள்.

"நான் சரியா வெக்காமத்தான் நம்ம வீட்டுல அப்படி ஆயிடுச்சு. இந்தப் பையனுக்காவது முறையா செஞ்சு அனுப்பறேன். டேய், இந்தப் பக்கத்தைக் கொஞ்சம் பிரிச்சுப் பிடி."

அக்கா சமையலறை வாசலில் வந்து நின்றாள். என்னைப் பார்த்தாள்.

"அம்மா, இரு" என்றேன். "இப்பல்லாம் பாஸ்போர்ட்டுக்கு உறை போடணும். உறைமேலதான் வெக்கணும்."

"யார் சொன்னா?"

"புது ரூல்."

ரயிலில் பாஸுக்கும் ரேஷன் கார்டுக்கும் பிளாஸ்டிக் கவர் விற்பார்களே, அதுதான் அந்தக் கணத்தில் என் வாயில் வந்தது. அம்மா சந்தேகத்தோடு பார்த்தாள். பிறகு எழுந்து போய், சாப்பாட்டு மேஜைக்குப் போட வாங்கி வைத்திருந்த கெட்டிப் பிளாஸ்டிக் ஷீட்டை எடுத்துவந்து, பாஸ்போர்ட்டை அதன்மேல் வைத்து அளவெடுத்தாள். தையல் மெஷின் ஓட ஆரம்பித்தது. மூன்று பக்கமும் தைத்து, மேலே மடிப்பு வைத்து, கச்சிதமாக ஓர் உறை. உள்ளே பாஸ்போர்ட். வெளியே நான்கு மூலையிலும் சந்தனம், குங்குமம்.

"எதுக்குடா இந்த ரூல்?" என்றாள் நூலைப் பல்லால் கடித்தபடி.

"மழைக்கும்மா."

"நல்ல ரூல்தான். அன்னைக்கே இருந்திருந்தா..." என்று ஆரம்பித்தவள், "அன்னைக்கு மழை இல்லையே" என்று தானே முடித்துக்கொண்டாள்.

அக்கா உள்ளே போய்விட்டாள். அடுப்பில் ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும்.

இப்போது அம்மாவின் மெஷின் பக்கத்தில் அந்த உறைகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. வருகிற ஞாயிற்றுக்கிழமை வண்டலூரில், தெரிந்தவரின் சைக்கிள் கடை வாசலில் ஒரு மேஜை போடப் போகிறேன். வெளிநாடு போகிறவர்கள் பாஸ்போர்ட்டோடு வரலாம், காசு இல்லை என்று வாய் வார்த்தையாகச் சொல்லி வைத்திருக்கிறேன். காட்டாங்குளத்தூர் காலேஜ் பையன்கள் சிலர் வருவதாகச் சொன்னார்கள். நான் லென்ஸில் பார்ப்பேன். பக்கம் நன்றாக இருந்தால் உறையில் போட்டுத் தருவேன். மூலை தூக்கியிருந்தால், இப்போதே போய் மாற்றிக்கொள், நாள் இருக்கிறது என்பேன். போட்டோ மாற்றியது என்று தெரிந்தால் அதையும் முகத்துக்கு நேரே சொல்வேன். பிறந்த தேதி இரண்டு இருப்பவர்களுக்கு, எது புத்தகத்தில் இருக்கிறதோ அதைச் சொல்லிப் பழகிக்கொண்டு போ என்பேன்.

அக்கா வருவதாகச் சொல்லவில்லை. வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

அம்மா வருகிறாள். கேட்கவே இல்லை, அவளாகவே முடிவு செய்துவிட்டாள். "நீ பார்த்துக் குடு, நான் உறைமேல சந்தனம் வெச்சுக் குடுக்கறேன். ரெண்டும் நடக்கட்டும்" என்கிறாள். சரி என்றேன். ஆனால் அந்த மேஜைக்கு முன்னால் ஒருவராவது, "இந்த உறை எதுக்கு சார், ஈரம் பட்டா அப்படி என்னதான் ஆயிடும்?" என்று கேட்பார்கள். படித்த பையன்கள், கேட்காமல் விடமாட்டார்கள். அம்மா பக்கத்திலேயே கிண்ணத்தோடு உட்கார்ந்திருப்பாள். கேட்டவர் காதுக்கு உண்மையாகவும், அவள் காதுக்கு வெறும் மழையாகவும் இருக்கிற மாதிரி ஒரு பதிலை ஞாயிற்றுக்கிழமைக்குள் நான் தேடிக்கொள்ள வேண்டும்.